எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டைனோசர் வாரம்: கையால் செய்ய என்ன கொடுக்கலாம்?

திருச்சி டீச்சர்

வணக்கம். மூன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் பள்ளியில் டைனோசர் வாரம். யோசனைகள் வேண்டும். அதற்கு முன் என் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படி ஒரு வாரம் வந்தாலே "ஒரு மாதிரி செய்து கொண்டு வரவும்" என்று வீட்டுக்குச் சுற்றறிக்கை போகும். சொன்ன நாளன்று தெர்மாகோல் டைனோசர்கள் ஆட்டோவில் வந்து இறங்கும். ஒன்று கடையில் ஆர்டர் கொடுத்து வாங்கியதாக இருக்கும், இல்லை நடுராத்திரி வரை அம்மா உட்கார்ந்து ஒட்டியதாக இருக்கும். பிள்ளை அதைத் தொடக் கூடாது, தொட்டால் கொம்பு உடைந்துவிடும். படம் எடுத்து, பரிசு கொடுத்து, அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுவோம். அந்தக் குழந்தையின் விரல் பட்ட இடம் அதில் ஒன்றுகூட இருக்காது.

இந்த முறை வீட்டிலிருந்து எதுவும் வர வேண்டாம், எல்லாம் வகுப்பிலேயே என்று தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். இருபது பிள்ளைகள், நான், ஒரு ஆயாம்மா. செலவு குறைவாக இருக்க வேண்டும். பிள்ளைகளே முழுதாகச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே அச்சுத் தாளைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வதும் வேண்டாம்.

இரண்டு வாண்டுகளின் அப்பா

பனிக்கட்டி முட்டையில் ஆரம்பியுங்கள் டீச்சர். என் இரண்டு பையன்களும் அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்த வேலை அது ஒன்றுதான்.

கிண்ணத்தில் பாதி அளவு தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள். அது கெட்டியானதும் மேலே பொம்மையை வைத்து, மீதித் தண்ணீரை ஊற்றி மறுபடி உறைய வையுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் பிளாஸ்டிக் பொம்மை மிதந்து மேலே வந்துவிடும், அப்புறம் தோண்ட வேலையே இருக்காது. வகுப்பில் தாம்பாளத்தில் கவிழ்த்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், கரண்டி, கொஞ்சம் கல்லுப்பு கொடுங்கள். உப்பு விழுந்த இடத்தில் பனிக்கட்டி குழி குழியாகக் கரைவதைப் பார்த்ததும் பிள்ளைகள் தாங்களே அடுத்து எங்கே உப்பு போடலாம் என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

பொம்மை மட்டும் வாயில் முழுதாகப் போகாத அளவில் இருக்கட்டும்.

கைப்பயிற்சி அக்கா

சிறு பிள்ளைகளுக்குத் தொழில்வழிச் சிகிச்சை தருபவள் நான். எழுதுகோல் பிடிக்கச் சிரமப்படும் குழந்தைகள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அதனால் என் ஓட்டு துணி கிளிப்புக்கு.

பழைய அட்டைப்பெட்டியை ஸ்டெகோசாரஸ் உடம்பாக வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுவது மட்டும் உங்கள் வேலை. அதன் முதுகில் தகடு தகடாக நிற்குமே, அதற்குப் பதில் துணி கிளிப்புகளைப் பிள்ளைகள் மாட்டட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுத்தினால்தான் கிளிப் திறக்கும். பென்சில் பிடிக்கத் தேவையான பலமும் அதே விரல்களில்தான் இருக்கிறது. வால் நுனியில் நான்கு கிளிப்புகள், உண்மையான ஸ்டெகோசாரஸுக்கும் அங்கே நான்கு முள்கள். நான்கு வரை எண்ணுவது இந்த வயதுக்குச் சரியான கணக்கு.

மரக் கிளிப் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். மூன்றரை வயதுப் பிள்ளைக்குத் தளர்வான பிளாஸ்டிக் கிளிப்பே போதும்.

அரியலூர்க்காரன்

புவியியல் படித்தவன், ஊர் அரியலூர் பக்கம். டீச்சர், நீங்கள் திருச்சியில் இருந்துகொண்டு இந்த வாரம் நடத்துகிறீர்கள் என்பதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நம் பக்கத்து மண்ணே ஒரு பெரிய பாடப்புத்தகம்.

டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் இன்றைய அரியலூர், பெரம்பலூர் பகுதியில் கடல் இருந்தது. இங்கே இத்தனை சிமெண்ட் ஆலைகள் வந்ததற்குக் காரணமான சுண்ணாம்புக்கல் அந்தக் கடலின் மிச்சம். அதில் சுருள் சுருளாக அம்மோனைட் கிடைக்கும், கிளிஞ்சல் கிடைக்கும், சுறாவின் பல் கிடைக்கும். அம்மோனைட் பார்க்க நத்தை மாதிரி இருந்தாலும் கணவாயின் உறவு. டைனோசர்கள் அழிந்த அதே சமயத்தில் அதுவும் அழிந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது, 1940இல் கண்டுபிடித்தது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. ஒரு நாள் சுற்றுலா போய்வரலாம்.

வகுப்புக்கு உப்பு மாவுப் புதைபடிவம் செய்யுங்கள். மைதா இரண்டு பங்கு, தூள் உப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஏறக்குறைய ஒரு பங்கு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவை விடக் கெட்டியாகப் பிசையுங்கள். ஆளுக்கு ஓர் உருண்டை. அவர்களே தட்டையாக்கி அதில் கிளிஞ்சல், வேப்பிலை, பொம்மை டைனோசரின் கால் என்று விருப்பப்பட்டதை அழுத்தி எடுக்கட்டும். நீளமாக உருட்டிச் சுருட்டினால் அம்மோனைட். அதற்கு அச்சு, வரைபடம் எதுவும் வேண்டாம், மூன்று வயதுக் கையால் முடியும். வெயிலில் இரண்டு மூன்று நாள் காய வைத்தால் கெட்டியாகிவிடும்.

ஒரு வேண்டுகோள். "குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்தது" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். 2020இல் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில் ஏரி தோண்டும்போது உருண்டைக் கற்கள் கிடைத்து, முட்டை முட்டை என்று செய்தி பரவியது. புவியியலாளர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, கடலடிப் படிவுகள் உருண்டு திரண்ட கல் என்று சொன்னார்கள். டைனோசர் எலும்பு இங்கே கிடைத்தது என்னவோ உண்மை. கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1987இல் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். அவை உடைந்து சிதைந்துபோனதால் இன்று பார்க்கக் கிடைக்காது. ஆனால் அந்தப் பெயரை உங்கள் பிள்ளைகள் நிச்சயம் ரசிப்பார்கள். நீளமான பெயர் என்றால் இந்த வயதுக்குக் கொண்டாட்டம்தானே.

சென்னை மித்ராம்மா

எல்லாரும் மாவு, மண், பனிக்கட்டி என்று சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். என் மகளுக்கு அச்சடித்த படத்தில் வண்ணம் தீட்டுவதுதான் உயிர். கோட்டுக்குள் அடக்கமாகத் தீட்டி முடித்தால் அவள் முகத்தில் வரும் நிறைவு எனக்குப் பெரிது. டைனோசர் பெயர்களையும் மனப்பாடமாகச் சொல்வாள். எல்லா அச்சுத் தாளும் கெட்டது என்பது போலப் பேசுவதை ஏற்க முடியவில்லை.

திருச்சி டீச்சர்

மித்ராம்மா, கோபமே இல்லை. விரும்பித் தீட்டும் குழந்தையிடம் தாளைப் பிடுங்க மாட்டேன். எனக்குப் பிரச்சினை வேறு. இருபது பேருக்கும் ஒரே தாளைக் கொடுத்து, எல்லாரும் பச்சை அடித்து, சுவரில் இருபது பச்சை டைனோசர்களை வரிசையாக ஒட்டுகிறோம். ஊதா அடித்த பிள்ளையிடம் "டைனோசர் ஊதாவாகவா இருக்கும்?" என்று கேட்கிறோம். அதைத்தான் நிறுத்த வேண்டும் என்கிறேன்.

அரியலூர்க்காரன்

இதில் ஊதா அடித்த பிள்ளை பக்கம்தான் நான். பெரும்பாலான டைனோசர்களின் நிறம் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரு சிலவற்றில் சீனாவில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் ஒன்று. அதன் உடலில் மெல்லிய இறகுமயிர்கள் பதிந்திருந்தன. அவற்றில் நிறமிகள் இருந்த நுண்ணிய பைகளை ஆராய்ந்து, வாலில் செம்பழுப்பும் வெளிறிய நிறமும் மாறி மாறிப் பட்டை பட்டையாக இருந்தது என்று 2010இல் சொன்னார்கள். பச்சையே கிடையாது!

அதனால் ஒரு பாதை சொல்கிறேன். வெள்ளை அட்டையில் வால் மட்டும் பெரிதாக வெட்டிக் கொடுங்கள். பஞ்சு, கோழி இறகு, கத்தரித்த கம்பளி நூல் எதை வேண்டுமானாலும் பட்டை பட்டையாக ஒட்டட்டும். மித்ராம்மாவின் மகளுக்கும் பிடிக்கும், பட்டைக்குள் அடக்கமாக ஒட்டலாம்.

சென்னை மித்ராம்மா

இது பிடித்திருக்கிறது. வார இறுதியிலேயே செய்துவிடுகிறோம்.

யாழ்ப்பாணத்துத் தாய்

என்னுடைய மகனுக்கு நாலு வயது, முன்பள்ளிக்குப் போகிறார். டைனோசர் என்றால் பிள்ளைக்கு உயிர்தான், ஆனால் "அவை எல்லாம் செத்துப்போச்சுதோ அம்மா?" என்று கேட்டு இரவில் அழுகிறார். எரிமலை செய்து காட்டினதில் இருந்துதான் இந்தப் பயம். நீங்கள் எல்லாம் இதை எப்படிச் சொல்கிறீர்கள்? மறைப்பது சரியோ?

கைப்பயிற்சி அக்கா

மறைக்க வேண்டாம் அக்கா. ஆனால் சுருக்கமாகச் சொல்லுங்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி வானத்திலிருந்து ஒரு பெரிய பாறை வந்து விழுந்தது. அதற்கப்புறம் நிறைய டைனோசர்களால் வாழ முடியவில்லை. ஆனால் ஒரு வகை மட்டும் தப்பித்தது, அதுதான் பறவைகள்." இவ்வளவு போதும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், பிள்ளை பிடித்துக்கொள்ளப்போவது அதைத்தான்.

இது சமாதானத்துக்காகச் சொல்லும் கதையும் இல்லை, நிஜம். உங்கள் வீட்டுப் பக்கம் கோழி இருந்தால் ஈரமணலில் நடக்கவிட்டு அதன் கால்தடத்தைக் காட்டுங்கள். முன்னால் மூன்று விரல். டைரனோசாரஸுக்கும் நடக்கும் தடம் மூன்று விரல்தான். ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் பாறையிலும் இப்படி மூன்று விரல் தடம் கிடைத்திருக்கிறது. பக்கத்தில் மகன் தன் மூன்று விரலை மணலில் பதிக்கட்டும். அதே மாதிரி அட்டையில் வெட்டிய தடத்தை வாசலிலிருந்து அடுப்படி வரை வைத்து, கோலமாவைச் சல்லடையில் தூவினால் வீட்டுக்குள் டைனோசர் நடந்து போன மாதிரி இருக்கும். தூவுகிற வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள்.

அரியலூர்க்காரன்

எரிமலை பற்றி ஒரு வார்த்தை. டைனோசர் விளையாட்டில் எரிமலையைப் பயமுறுத்தவே வைக்கிறார்கள், ஆனால் நம் நாட்டுக் கதையில் அதற்கு நிஜமான இடம் இருக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்தது மெக்சிகோவின் யுகடான் பகுதியில். ஏறக்குறைய அதே காலத்தில் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவிக்கொண்டிருந்தது. மும்பை, புனே பக்கம் ரயிலில் போகும்போது படிப்படியாகத் தெரியும் கருங்கல் மலைகள் அதுதான்.

அங்கே குழம்பு பெரும்பாலும் கூம்பு மலையின் உச்சியிலிருந்து பொங்கவில்லை, தரையில் பிளந்த நீண்ட வெடிப்புகள் வழியாக வழிந்து பரவியது. அதனால் பாட்டிலைச் சுற்றிக் களிமண் அப்பும் வேலையை விட்டுவிடுங்கள். ஒரு தாம்பாளம் நிறையக் களிமண் தட்டி, நடுவில் விரலால் நீளமாக ஒரு பள்ளம் கீறி, அதில் ஆப்பசோடாவும் துளி காவிப்பொடியும் போடுங்கள். பிள்ளைகள் ஒரு கரண்டி வினிகர் விடட்டும். குழம்பு நுரைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் மெதுவாகப் பரவும். வெடிச் சத்தம் இல்லை, பயமும் இல்லை. நான்கு பேர் நான்கு பக்கம் நின்று சேர்ந்து விடலாம் என்பது இன்னொரு வசதி. வினிகர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறும் நுரைக்கும்.

யாழ்ப்பாணத்துத் தாய்

மிக்க நன்றி. எங்கள் வளவில் கோழி நிற்குது. நாளைக்கே மணல் போட்டுப் பார்க்கிறோம்.

நூலகத்து மாமி

எங்கள் தெரு நூலகத்தில் சனிக்கிழமை தோறும் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்து ஏதாவது செய்வோம். அளவு பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே.

"டைரனோசாரஸ் 12 மீட்டர்" என்று சொன்னால் நான்கு வயதுக்கு ஒன்றும் புரியாது. இரண்டு புடவைகளை எடுங்கள். ஆறு கஜப் புடவை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். இரண்டையும் நீளவாக்கில் விரித்தால் 11 மீட்டர், வால் நுனிக்கு ஒரு துண்டைச் சேர்த்துவிட்டால் ஆயிற்று. நாங்கள் கோயில் பிராகாரத்தில் விரித்து, பிள்ளைகளை அதன் மேல் தலை கால் ஒட்டி வரிசையாகப் படுக்கச் சொன்னோம். வந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் படுத்தும் வால் பாக்கி இருந்தது. ஒரு வாண்டு எழுந்து ஓடிப்போய் வீட்டிலிருந்து தன் பாட்டியை அழைத்து வந்து படுக்கச் சொன்னான்!

அப்புறம் பக்கத்தில் ஒரு மீட்டர் ரிப்பனை வைத்து, இதுவும் டைனோசர்தான் என்று காட்ட வேண்டும். அரியலூர்க்காரர் சொன்ன பட்டைவால்காரன் அவ்வளவுதான் இருப்பான், அதிலும் பாதிக்கு மேல் வால். எல்லா டைனோசரும் ராட்சசன் இல்லை என்பதைப் பிள்ளைகள் பெரியவர்களை விடச் சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறார்கள்.

டைரனோசாரஸின் பெரிய பல், வேரோடு சேர்த்தால் 30 சென்டிமீட்டர் வரை வரும். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றின் நீளம். அட்டையில் ஒன்று வெட்டிக் கொடுத்தால் அன்று முழுக்கக் கையிலிருந்து இறங்காது.

இரண்டு வாண்டுகளின் அப்பா

முட்டை எவ்வளவு பெரிது மாமி? என் பெரியவன் கால்பந்து அளவு என்கிறான்.

அரியலூர்க்காரன்

அதற்கு நான் சொல்லட்டுமா. மத்தியப் பிரதேசத்தில் தார் மாவட்டத்தில், நர்மதைப் பள்ளத்தாக்கில், டைட்டனோசார்கள் என்ற நீண்ட கழுத்துள்ள ராட்சச டைனோசர்களின் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கண்டறியப்பட்டதாக 2023இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. முட்டையின் குறுக்களவு 15 முதல் 17 சென்டிமீட்டர், கால்பந்தை விடச் சிறியது. அவ்வளவு பெரிய விலங்குக்கு இது சின்ன முட்டைதான். அதே மாவட்டத்தில் ஒரு கிராமத்து மக்கள் நிலத்தில் கிடைத்த இந்த உருண்டைகளை வயலைக் காக்கும் தெய்வமாக வைத்துத் தேங்காய் உடைத்துக் கும்பிட்டு வந்தார்கள்.

பலூனை அந்த அளவுக்கு ஊதி, நாளிதழ்க் கிழிசல்களை மைதாப் பசையில் தோய்த்து நாலைந்து அடுக்கு ஒட்டுங்கள். ஓர் அடுக்கு காய்ந்த பிறகு அடுத்த அடுக்கு. நாளிதழைக் கிழிப்பதுதான் பிள்ளைகளுக்குத் திருவிழா. ஒரு கூட்டில் ஒன்று முதல் இருபது முட்டை வரை இருந்திருக்கிறது. எனவே வகுப்பு முழுக்கச் சேர்ந்து ஒரே கூடு கட்டலாம். மணல் குவித்து, நடுவில் பள்ளம் பண்ணி, அதில் எல்லாருடைய முட்டையும்.

நூலகத்து மாமி

நான் ஒன்று சொன்னால் முகம் சுளிக்கக் கூடாது. டைனோசர் சாணம் செய்யுங்கள். உப்பு மாவில் காய்ந்த டீத்தூள் சக்கையும் நறுக்கிய வைக்கோலும் கலந்து உருட்டி, காய வைத்து, மறுநாள் பிள்ளைகள் உடைத்து, "இது என்ன தின்றது?" என்று தேட வேண்டும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும், ஆனால் அத்தனை பேரும் உன்னிப்பாகப் பார்ப்பார்கள்.

விஞ்ஞானிகள் செய்வதும் இதைத்தான். மகாராஷ்டிரத்தில் பிஸ்துராவில் கிடைத்த சாணப் புதைபடிவத்தைச் சோதித்து, அதில் புல்லின் நுண்துகள்கள் இருப்பதை 2005இல் வெளியிட்டார்கள். டைனோசர் காலத்தில் புல்லே இல்லை என்று நினைத்திருந்த உலகத்துக்கு அது பெரிய செய்தி. பிற்பாடு பார்த்ததில் நெல்லின் உறவுப் புல்லும் அதில் இருந்தது.

கைப்பயிற்சி அக்கா

மாமி, இதை நாளைக்கே செய்கிறேன்.

டீச்சர், சில எச்சரிக்கைகள். ஊதாத பலூனும் உடைந்த பலூன் துண்டும் மூச்சுக்குழாயை அடைக்கும். பலூன் பெரியவர் கையில் மட்டும் இருக்கட்டும், உடைந்ததும் துண்டுகளை எண்ணிப் பொறுக்கிவிடுங்கள். புளியங்கொட்டை, பட்டன், மணி எல்லாம் மூக்குக்குள் போகும். தண்ணீரில் ஊறி வீங்கும் ஜெல் மணிகளை இந்த வயதுக்கு வாங்கவே வாங்காதீர்கள். விழுங்கினால் வயிற்றுக்குள்ளேயும் வீங்கிக் குடலை அடைக்கும். பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) இறுகும்போது நன்றாகச் சூடாகும். தூளும் மூச்சில் போகும். அதில் பிள்ளையின் கையைப் புதைத்து அச்சு எடுப்பது ஆபத்து. உப்பு மாவே போதும். உப்பு அதிகம் என்பதால் அதையும் தின்னவிடக் கூடாது.

திருச்சி டீச்சர்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். இரண்டு கேள்விகள் பாக்கி. அடுத்த மாதம் மழை, உப்பு மாவு காயுமா? இன்னொன்று, என் வகுப்பில் ஒரு பையன் பசை, மாவு எது கையில் பட்டாலும் அலறிவிடுவான். மற்றவர்கள் செய்யும்போது அவன் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை.

அரியலூர்க்காரன்

மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுக்கும், மாவு வியர்த்து மறுபடி மெத்தென்று ஆகிவிடும். மெல்லியதாகத் தட்டுங்கள், அரை விரல் கனத்துக்கு மேல் வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே வைத்து, காலையும் மாலையும் திருப்பிப் போடுங்கள். இல்லாவிட்டால் விநாயகர் சதுர்த்திக்கு வாங்கும் களிமண்ணே மேல். அது காய நாளானாலும் வியர்க்காது.

கைப்பயிற்சி அக்கா

அந்தப் பையனின் கையைப் பிடித்து மாவில் வைக்காதீர்கள், மற்ற யாரும் வைக்கவும் விடாதீர்கள். அவனுக்குக் காய்ந்த பொருள் கொடுங்கள். ஒரு தட்டில் ரவையோ காய்ந்த தேங்காய் நார்த்தூளோ போட்டு, உள்ளே பொம்மை எலும்பைப் புதைத்து, பெயிண்ட் பிரஷ் ஒன்றைக் கையில் கொடுங்கள். தோண்டுபவர்கள் பிரஷ்ஷால்தான் தூசி தட்டுவார்கள், எனவே அது அவனுக்காக மாற்றிய வேலை என்றுகூடத் தெரியாது. மாவு வேலையின்போது அதே மாவை மூடி போட்ட பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கொடுத்தால் வெளியிலிருந்து அழுத்தலாம், கிளிஞ்சல் பதியும், கை ஒட்டாது. துணி கிளிப் அவனுக்குப் பிரச்சினையே இல்லை. முதல் நாள் அதிலிருந்து தொடங்குங்கள், அன்று அவனும் எல்லாரோடும் ஒரே மேசையில் இருப்பான்.

திருச்சி டீச்சர்

அப்படியானால் திங்கட்கிழமை கிளிப்தான். ஆயாம்மா இப்போதே அட்டைப்பெட்டி சேர்க்க ஆரம்பித்துவிட்டார். படங்களில் பிள்ளைகள் முகம் தெரியாமல் கைகளை மட்டும் எடுத்து இங்கே போடுகிறேன்.